இடது கைக்கு ஒரு சக்கரம்



1940 மார்ச் முதல் தேதி அகில இந்திய வானொலி ஆர்மோனியத்துக்குக் கதவைச் சாத்தியது. கட்டைக்குக் கட்டை தாவுகிற அந்தப் பெட்டியால் நம் ராகங்களின் கமகத்தைக் காட்ட முடியாது என்பது முக்கியமான குற்றச்சாட்டு. 1971இல்தான் தடையைத் தளர்த்தினார்கள். தடை போட்டதில் எனக்கு உடன்பாடில்லை; ஆனால் குற்றச்சாட்டில் நியாயம் இருந்தது. தென்னேரியிலோ வாலாஜாபாத்திலோ வீட்டிலேயே இசையமைக்க மிடி கீபோர்டு வாங்க நினைக்கும் பிள்ளைகள் கேட்க வேண்டிய கேள்வியும் அதுதான்: இதில் சுரம் வளையுமா?

கல்யாண மேடையில் நீங்கள் பார்க்கும் கீபோர்டு வேறு, இது வேறு. இதில் பெரும்பாலும் ஒலியே கிடையாது. எந்தக் கட்டையை அழுத்தினீர்கள், எவ்வளவு விசையோடு, எப்போது விட்டீர்கள் என்கிற கணக்கை மட்டும் கம்ப்யூட்டருக்கு அனுப்பும். விசையைக்கூட 1 முதல் 127 வரை ஓர் எண்ணாகத்தான் சொல்லும். காஞ்சிபுரம் நெசவாளர்களுக்கு இது புதிதல்ல, ஜக்கார்டு அட்டைதான். எந்த இழை எழும்ப வேண்டும் என்று அட்டை சொல்லும். பட்டு அட்டையில் இல்லை. அமெரிக்காவின் டேவ் ஸ்மித்தும் ஜப்பானின் இகுதாரோ ககெஹாஷியும் முன்னின்று, எல்லாக் கம்பெனிக் கருவிகளும் ஒன்றோடொன்று பேசட்டும் என்று 1983இல் கொண்டுவந்த ஏற்பாடு இந்த மிடி.

இதில் நம் நெசவு ஊர்களுக்கு ஒரு வசதி உண்டு. பக்கத்து அறையில் தறி ஓடினால் மைக் வைத்துப் பாடிப் பதிவுசெய்ய முடியாது. மிடிக்குக் காது இல்லை. ஹெட்போனை மாட்டிக்கொண்டு நடுப்பகலிலும் வேலை பார்க்கலாம்.

கட்டைகளின் எண்ணிக்கையில் ரொம்ப மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம். 25 கட்டையில் இரண்டு ஸ்தாயி, 49இல் நான்கு. தாளம், பேஸ் போட 25 போதும். ராகம் வாசிக்க 49 இருந்தால் கை தாராளமாக நகரும்.

கவனிக்க வேண்டியது இடது ஓரத்தை. சுரத்தை மேலும் கீழும் வளைக்கும் பிட்ச் பெண்ட் அங்கேதான் இருக்கும். எம்-ஆடியோ கீஸ்டேஷனில் அது சக்கரம். அக்காய் எம்பிகே மினியில் கட்டைவிரலால் அசைக்கும் குச்சி. ஆர்டூரியா மினிலேபில் தொட்டு இழுக்கும் பட்டை. தோடியின் காந்தாரத்தை அசைத்துப் பாருங்கள், வித்தியாசம் உடனே தெரியும். சக்கரத்தில் விரலுக்கு ஒரு பிடிமானம் உண்டு. குச்சி சிறியது, இம்மி தள்ளினாலே சுரம் எகிறும். மேற்கத்திய பாப் போடுகிறவருக்கு இது பொருட்டில்லை. நமக்கு இதுதான் எல்லாம். கீபோர்டு சத்யா முழுக் கர்நாடகக் கச்சேரியையே கீபோர்டில் நடத்துகிறாரே, அவருடைய இடது கையைப் பாருங்கள்.

ஒரு சிக்கல் உண்டு. சக்கரத்தை அசைத்தால் அந்த சேனலில் ஒலிக்கும் எல்லாச் சுரமும் சேர்ந்து வளையும். அதனால் சுருதியைத் தனி ட்ராக்கில் வையுங்கள். ஒவ்வொரு சுரத்தையும் தனித்தனியே வளைக்கும் கருவிகளும் வந்துவிட்டன. கட்டைகளே இல்லாத 'கன்டினியம்' என்கிற வழவழப்பான பரப்பை ஏ.ஆர்.ரஹ்மான் 2009இல் வந்த 'டெல்லி 6' படத்தின் 'ரெஹ்னா தூ' பாட்டில் வாசித்திருக்கிறார். அதன் விலை நமக்கு எட்டாது, விடுங்கள்.

கட்டையை அழுத்தி ஒலி தாமதமாக வந்தால் கீபோர்டைத் திட்டாதீர்கள். மென்பொருளில் பஃபர் என்ற எண்ணை 512இலிருந்து 128க்குக் குறையுங்கள். அதனால் வரும் தாமதம் சுமார் 12 மில்லிசெகண்டிலிருந்து 3க்கு இறங்கும்.

படத்தைப் பார்த்து வாங்காமல், முடிந்தால் சென்னைக்குப் போய்க் கடையில் கை வைத்துப் பாருங்கள். அண்ணா சாலையில் மியூசி மியூசிக்கல் இருக்கிறது; வேறு கடைகளும் உண்டு. லேப்டாப்பைக் கொண்டுபோங்கள். ஒரு சுரத்தைப் பிடித்தபடி சக்கரத்தை மேலே தள்ளிச் சட்டென்று விடுங்கள். சுரம் பழைய இடத்துக்கே துல்லியமாகத் திரும்ப வேண்டும். பத்துத் தடவையில் ஒரு தடவை பிசகினாலும் அந்தப் பெட்டி வேண்டாம். அடுத்ததை எடுக்கச் சொல்லுங்கள்.