தொழிற்சங்கமும் குடியரசுத் தலைவர் பதவியும்

 

சங்கத் தலைவர் ஒருவர் நாட்டின் தலைவராகிவிட்டால் தொழிலாளியின் துயர் தீரும் என்று பலர் எண்ணுகின்றனர். நம் நாடு அதனைக் கண்கூடாகக் கண்டிருக்கிறது. 1926இல் அகில இந்தியத் தொழிற்சங்கக் காங்கிரசின் தலைவராக விளங்கியவரும், இரயில்வேத் தொழிலாளர் சம்மேளனத்தை உருவாக்கியவர்களுள் ஒருவருமான வி. வி. கிரி அவர்கள் 1969இல் குடியரசுத் தலைவரானார். வங்கி ஊழியர் ஊதியத் தீர்ப்பை அரசு மாற்றியதற்காக 1954இல் மத்திய அமைச்சர் பதவியையே துறந்தவர் அவர். ஆயினும் 1974 மே 8ஆம் நாள் இரயில்வே வேலைநிறுத்தம் தொடங்கியபோது, அவர் மாளிகையில் வீற்றிருக்கவே, தொழிலாளர் பல்லாயிரவர் சிறை புகுந்தனர். மே 27இல் கோரிக்கைகள் நிறைவேறாமலே போராட்டம் கைவிடப்பட்டது. அமைச்சரவையின் அறிவுரைப்படி நடக்க வேண்டிய பதவி அது. அவரைக் குறை கூறுவது நம் நோக்கமன்று.

அமெரிக்கக் குடியரசுத் தலைவருக்கோ ஆட்சி அதிகாரமே கையில் உண்டு. அங்கும், நடிகர் சங்கத் தலைவராயிருந்த ரீகன்தான் 1981இல் வேலைநிறுத்தம் செய்த விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டாளர் 11,000 பேருக்கு மேல் வேலைநீக்கம் செய்தார்!

நாம் உற்று நோக்க வேண்டியவர் வேறொருவர். ஏ. பிலிப் ராண்டால்ஃப் என்னும் கறுப்பினத் தலைவர், இரயில் படுக்கைப் பெட்டிகளில் ஏவல் செய்த தம் இனத்தாரை 1925இல் சங்கமாக்கினார். வெள்ளையர் சங்கங்கள் பலவற்றில் கறுப்பருக்கு இடமில்லாத காலம் அது. கம்பெனி அச்சங்கத்தோடு ஒப்பந்தம் செய்யப் பன்னிரண்டு ஆண்டுகள் ஆயின. 1941இல் போர்த் தளவாடத் தொழிற்சாலைகள் கறுப்பரை வாயிலிலேயே திருப்பியனுப்பின. ஜூலை முதல் நாள் தலைநகரில் பேரணி என்று அறிவித்தார் ராண்டால்ஃப். ரூஸ்வெல்ட் தடுத்துப் பார்த்தார், முடியவில்லை. ஜூன் 25இல், அத்தொழிற்சாலைகளில் இன வேற்றுமை பாராட்டுவதைத் தடை செய்யும் 8802ஆம் எண் ஆணையில் கையெழுத்திட்டார். அதன் பிறகே பேரணி நிறுத்தப்பட்டது.

நமக்கும் சங்கத்திற்குமான உறவு எளிதாக இருந்ததில்லை. 1921இல் பெரம்பூர் ஆலை வேலைநிறுத்தத்தின்போது ஆதிதிராவிடத் தொழிலாளர் பலர் பணிக்குச் சென்றனர். பகை மூண்டு புளியந்தோப்பில் குடிசைகள் எரிந்தன. பார்ப்பனியமும் முதலாளித்துவமும் தொழிலாளரின் இரு பகைவர் என்று 1938இல் மன்மாட்டில் தாழ்த்தப்பட்ட இரயில்வேத் தொழிலாளர் மாநாட்டில் அண்ணல் அம்பேத்கர் உரைத்தார். சங்கத்தை விட்டு விலகுங்கள் என்பதன்று அதன் பொருள். உள்ளே நம் குரலும் ஒலிக்க வேண்டும் என்பதே.

நம் அம்பத்தூர்த் தொழிற்பேட்டை எழுந்த 1960களில் மாநிலத் தொழில், தொழிலாளர் துறைகளை வகித்த ஆர். வெங்கட்ராமன் அவர்களும் 1987இல் குடியரசுத் தலைவரானார். 1949இலேயே தொழிலாளர் சட்டத்திற்கென இதழ் தொடங்கியவர் அவர். அச்சட்டம் மேனாம்பேட்டுப் பிள்ளைகளை எவ்வளவு எட்டியது? நம்மிடம் படித்து, ஒப்பந்தக்காரர் வழியாகப் பேட்டைக்குள் நுழைந்த இளைஞர்களுள் தம் வருங்கால வைப்பு நிதி எண்ணையே அறியாதவர் உண்டு.

இக்கழகத்தார்க்கு ஒரு வேண்டுகோள். ஊதியச் சீட்டைப் படிக்கவும், வைப்பு நிதி, ஈ.எஸ்.ஐ. பிடித்தங்களைச் சரிபார்க்கவும், சங்க விதிகளை அறிந்து உறுப்பினராகவும் ஞாயிறுதோறும் ஒரு மணி நேரம் வகுப்பு நடத்துங்கள். பாடம் எடுக்க ஆசிரியர்களாகிய நாங்கள் ஆயத்தமாக இருக்கிறோம். அறையின் சாவி மட்டும் வேண்டும்.