தவறிய பாடமும் தேறிய மதிப்பெண்ணும்



கல்லூரிகளில் பருவத் தேர்வு முடிவுகள் வெளிவரும் நாட்களில் நம் இல்லங்களில் ஒரு சொல் மெல்லிய குரலில் அடிபடும். அரியர் என்பது அச்சொல். ஆங்கிலத்திலிருந்து வந்த அதற்கு நிலுவை என்பது பொருள். வீட்டு வரிக்கும் சம்பளப் பாக்கிக்கும் வழங்கிய அச்சொல்லை நம் மாணவர்கள் தேறாமல் நின்ற பாடத்திற்கு ஆக்கிக் கொண்டனர். முன்னாளில் பெயில் என்போம். பெயில் என்பது ஆளின் மேல் விழும் முத்திரை. நிலுவை என்பதோ கணக்கில் நிற்கும் தொகை. முத்திரையை அழிப்பது கடினம். தொகையைக் கட்டித் தீர்க்கலாம். மாணவர்கள் அறிந்து செய்தனரோ அறியாமல் செய்தனரோ, நல்ல சொல்லையே தேர்ந்திருக்கின்றனர். ஆயினும் அச்சொல்லின் பொருளை அவர்களுடைய பெற்றோர் இன்னும் முழுமையாக ஏற்றுக்கொள்ளவில்லை என்றே எனக்குத் தோன்றுகின்றது. ஆகவே, தவறிய பாடத்தை மீண்டும் எழுதுவது என்றால் என்ன, அது மதிப்பெண்ணில் எவ்வாறு சேர்கின்றது என்பவற்றை இன்று உங்களுடன் சற்று ஆராய விரும்புகின்றேன்.

முதலில் பழைய நிலையை நினைவு கூர்வோம். 1858 ஆம் ஆண்டு கல்கத்தாப் பல்கலைக்கழகம் தன் முதல் பி.ஏ. தேர்வை நடத்திற்று. எழுதியவருள் ஒருவரேனும் எல்லாப் பாடங்களிலும் தேறவில்லை. ஆறு பாடங்களுள் ஐந்தில் நன்கு எழுதி ஒன்றில் மட்டும் தவறிய இருவருக்குக் கருணை மதிப்பெண் அளித்துப் பட்டம் வழங்கினர். அவ்விருவருள் ஒருவர், பின்னாளில் வங்க நாவல் இலக்கியத்தின் தந்தை எனப் போற்றப்பெற்ற பங்கிம் சந்திரர்.

அதே போன்ற வாயில் நம் சீனிவாச ராமானுஜனுக்குத் திறக்கவில்லை. 1904 ஆம் ஆண்டு கும்பகோணம் அரசினர் கல்லூரியில் உதவித் தொகையுடன் சேர்ந்தவர், கணிதம் ஒன்றிலேயே மனம் தோய்ந்து ஏனைய பாடங்களில் தவறியமையால் அவ்வுதவியை இழந்தார். 1906 இல் சென்னைப் பச்சையப்பன் கல்லூரியில் சேர்ந்தும் எப்.ஏ. தேர்வு அவருக்குக் கைகூடவில்லை. கணிதத்தில் அவர் பெற்ற மேன்மை, உடலியல் முதலிய பாடங்களில் ஏற்பட்ட குறைவை ஈடுசெய்யப் பயன்படவில்லை.

இவ்விரு வரலாறுகளையும் மாணவர்க்கு ஆறுதல் சொல்வதற்காக எடுத்துக் காட்டுவது வழக்கம். நான் அதற்காகக் கூறவில்லை. ராமானுஜன் தேறவில்லை என்பதால், தேறாதவர் எல்லாரும் ராமானுஜன் ஆகிவிடுவதில்லை. இங்கே நாம் காண வேண்டுவது தேர்வின் அமைப்பு. ஒரு பாடத்தின் குறை முழுத் தேர்வையும் வீழ்த்திய காலம் அது. ஒருவருக்குக் கருணை வேண்டியிருந்தது. மற்றவருக்கு அதுவும் கிட்டவில்லை. இன்றைய பருவமுறையில், தேறிய பாடம் தேறியபடியே நிற்கும்; தவறியதை மட்டும் மீண்டும் எழுதினால் போதும். கருணையை எதிர்பார்க்க வேண்டிய நிலை இல்லை. இஃது எளிய மாற்றம் அன்று. குடியானவன் ஒருவன் ஒரு தவணை தவறினான் என்பதற்காக அவனுடைய நிலம் முழுவதையும் ஏலம் போடும் வழக்கம் ஒழிந்து, அத்தவணையை மட்டும் கேட்கும் வழக்கம் வந்தது போன்ற மாற்றம் இது.

இனிக் கணக்கிற்கு வருவோம். தாளும் பென்சிலும் அருகில் இருந்தால் எடுத்துக் கொள்ளுங்கள். பல்கலைக்கழக மானியக் குழு வகுத்த பத்துப் புள்ளி முறையில், மிகச் சிறந்த தரத்திற்கு 10 புள்ளி, தேர்ச்சி மட்டும் பெற்றவர்க்கு 4, தவறியவர்க்குச் சுழி. ஒவ்வொரு பாடத்திற்கும் கிரெடிட் என்னும் எடை உண்டு. புள்ளியை எடையால் பெருக்கிக் கூட்டி, மொத்த எடையால் வகுத்தால் வருவதே சராசரி.

ஒரு மாணவர் முதற் பருவத்தில் 5 பாடங்கள் படித்தார் என்க. ஒவ்வொன்றிற்கும் எடை 4. அவர் பெற்ற புள்ளிகள் 8, 7, 7, 6, ஐந்தாவதில் சுழி. கூட்டினால் 28. அதனை 4 ஆல் பெருக்க 112. மொத்த எடையாகிய 20 ஆல் வகுக்க 5.6 வரும். அடுத்த பருவத்தில் அத்தவறிய பாடத்தை மீண்டும் எழுதி 7 புள்ளி பெறுகின்றார். இப்பொழுது அவருடைய சராசரி என்ன?

இவ்வினாவிற்கு உலகில் மூன்று விடைகள் உண்டு. பழைய சுழியை நீக்கிப் புதிய 7 ஐ வைப்பது ஒரு வழி. அப்பொழுது சராசரி 7. சுழிக்கும் ஏழுக்கும் நடுவாகிய 3.5 ஐ வைப்பது இரண்டாம் வழி, அப்பொழுது 6.3. இரு முயற்சிகளையும் இரு தனிப் பாடங்களைப் போல எண்ணி, எடையையும் 24 ஆக உயர்த்துவது மூன்றாம் வழி, அப்பொழுது 5.83. எழுதியவரும் ஒருவரே, அறிவும் ஒன்றே. ஆனால் மூன்று எண்கள்!

நம் மாநிலக் கல்லூரிகளில் பெரும்பாலும் முதல் வழியே நடைமுறையில் உள்ளது. அமெரிக்கக் கல்லூரிகளில் மூன்றையும் காணலாம். அங்கே புதிய மதிப்பெண் சராசரியில் இடம்பெற்றாலும், பழையது மதிப்பெண் ஏட்டிலிருந்து மறைவதில்லை. அந்நாட்டில் மருத்துவக் கல்லூரிகளுக்கு விண்ணப்பிப்போரின் சராசரியைக் கணிக்கும் பொது விண்ணப்ப நிலையம், எல்லா முயற்சிகளையும் சேர்த்தே கணக்கிடுகின்றது. ஆஸ்டியோபதி மருத்துவக் கல்லூரிகளின் நிலையம் பிந்திய மதிப்பெண்ணை மட்டும் கொள்ளும் வழக்கத்தை வைத்திருந்து, 2017 இல் அதனைக் கைவிட்டது. ஆகவே மீண்டும் எழுதப் புகும் மாணவர் முதலில் தம் பல்கலைக்கழக விதியைப் படிக்க வேண்டும். மேற்படிப்பிற்குச் செல்லும் இடத்தின் விதியையும் படிக்க வேண்டும்.

ஆனால் நேயர்களே, கணக்கை இத்துடன் நிறுத்தினால் பாதி உண்மையே விளங்கும். அம்மாணவர் எஞ்சிய 7 பருவங்களிலும் சராசரியாக 7 புள்ளி பெற்றுப் படிப்பை முடிக்கின்றார் எனக் கொள்வோம். முதல் வழியில் முடிவான சராசரி 7. இரண்டாம் வழியில் 6.91. மிகக் கடுமையான மூன்றாம் வழியிலுங்கூட 6.83. முதற் பருவத்தில் ஒன்றுக்கு மேலாக இருந்த வேறுபாடு, எட்டாம் பருவத்தில் ஒரு புள்ளியின் ஆறில் ஒரு பங்காகச் சுருங்கிவிட்டது. தவறிய பாடத்தின் தழும்பை மீண்டும் எழுதிய தேர்வு ஓரளவே ஆற்றுகின்றது. அதன் பின் ஒழுங்காகப் படித்த பருவங்களே பெரும்பகுதியை ஆற்றுகின்றன.

எண்ணில் தோன்றாத இழப்புகளும் உண்டு. அவற்றை மறைத்தல் நேர்மையன்று. பல பல்கலைக்கழகங்களில் எல்லாப் பாடங்களையும் முதல் முயற்சியிலேயே தேறியவர்க்குத்தான் தனிச்சிறப்புடன் முதல் வகுப்பு என்னும் தகுதி. பட்டியில் தேறிய மாதமும் ஆண்டும் அச்சாகின்றன. படிக்கத் தெரிந்தவர் அதிலிருந்து வரலாற்றை அறிந்து கொள்வர். வேலைக்கு ஆள் எடுக்கக் கல்லூரிக்கு வரும் நிறுவனங்களுள் சில, இப்பொழுது நிலுவை இருக்கக் கூடாது என்கின்றன. வேறு சில, எப்பொழுதுமே இருந்திருக்கக் கூடாது என்கின்றன. முன்னதை முயற்சியால் நிறைவேற்றலாம். பின்னதை நிறைவேற்ற இயலாது. வேறு வாயிலைத் தட்ட வேண்டியதுதான்.

மற்றொரு நுட்பமும் உண்டு. அகமதிப்பீட்டிற்கு 25, பல்கலைக்கழகத் தேர்விற்கு 75 எனப் பிரித்துள்ள இடங்களில், மீண்டும் எழுதுவது பெரும்பாலும் அந்த 75 க்கு மட்டுமே. வகுப்பில் பெற்ற 25 இன் பங்கு முன்பிருந்தபடியே நிற்கும். அதில் 10 பெற்றவர் மறுமுறை ஒரு பிழையுமின்றி எழுதினாலும் 85 க்கு மேல் செல்ல இயலாது. நாள்தோறும் செய்ய வேண்டிய வேலையை நாள்தோறும் செய்யாவிடில், பின்னர் ஒரே நாளில் அதனை முழுமையாக ஈடுசெய்ய முடியாது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டுமோ?

நிலுவை என்றால் வட்டியும் உண்டு அன்றோ? தவறிய பாடத்தின் வட்டி மூன்று வகை. முதலாவது மறதி, கேட்ட விரிவுரை ஆறு திங்களில் மங்கும், இரண்டாண்டில் மறையும். இரண்டாவது அடுத்த பாடம். முதற் கணிதம் விளங்காதவர்க்கு இரண்டாம் கணிதம் எங்ஙனம் விளங்கும்? மூன்றாவது விதி மாற்றம். பாடத்திட்டம் மாறிவிட்டால் பழைய பாடத்திற்கு ஈடான புதிய பாடத்தைத் தேடி எழுத நேரும். பட்டத்தை இத்தனை ஆண்டிற்குள் முடிக்க வேண்டும் என்னும் வரம்பும் உண்டு. எனவே, எத்தனை பாடம் நிலுவை என்பதைக் காட்டிலும் எத்தனை காலமாக நிலுவை என்பதே கவலைக்குரிய வினா.

கட்டாத நிலுவையைத் தள்ளுபடி செய்தால் என்ன என்று சிலர் கேட்கலாம். பெருந்தொற்றுக் காலத்தில் அது நிகழ்ந்தது. 2020 ஆகஸ்டில் தமிழ்நாட்டு அரசு, தேர்வுக் கட்டணம் செலுத்தியிருந்தவர்க்கு அரியர் தேர்வுகளை நீக்கித் தேர்ச்சி அளிப்பதாக அறிவித்தது. மாணவர் மகிழ்ந்தனர். அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழு ஒப்பவில்லை. வழக்கு உயர்நீதிமன்றம் சென்றது. தேர்வே எழுதாமல் தேர்ச்சி என்பதை 2021 இல் நீதிமன்றம் ஏற்கவில்லை. அந்நாளில் மாணவர் பட்ட இன்னல் பெரிது. அதனை நான் குறைத்துக் கூறவில்லை. ஆயினும், பயிர்க்கடனைத் தள்ளுபடி செய்தால் உழவனின் சுமை நீங்கும். பாடத்தைத் தள்ளுபடி செய்தால் அறியாமை நீங்காது. அது மாணவருடனேயே வேலைக்குச் செல்லும்.

இவையெல்லாம் மாணவர் அறிய வேண்டியவை. பெற்றோர் அறிய வேண்டியது ஒன்றுண்டு. நான் பணியிலிருந்து ஓய்வு பெற்ற பின்னர், என்னிடம் படித்த பெண் ஒருத்தியின் தந்தையார் அவளுடைய மதிப்பெண் பட்டிகளுடன் வந்தார். கைத்தறி நெசவு அவர் தொழில். மகள் பி.எஸ்ஸி. இரண்டாம் ஆண்டு, மூன்று பாடங்கள் நின்றுவிட்டன. "ஐயா, மூன்று போய்விட்டது. இனிப் பணம் கட்டி என்ன பயன்? நல்ல இடமாக வருகிறது, முடித்துவிடலாம் என்று பார்க்கிறேன்" என்றார். அவருக்கு மகள்மேல் சினம் இல்லை; பட்டியில் இருந்த மூன்று குறிகள் மட்டுமே அவர் கண்ணில் பட்டன.

நான் அப்பட்டிகளை வாங்கி எடைகளைக் கூட்டினேன். மூன்று பருவங்களில் 66. அதில் நின்றவை 12. எஞ்சிய 54 அவள் தேறி வைத்திருந்தாள். "ஐயா, பாவில் நாலு இழை அறுந்தால் பாவையே வெட்டி எறிவீர்களோ?" என்று கேட்டேன். "அறுந்த இழையை முடிந்து கொண்டு நெய்வோம்" என்றார். சற்று நேரம் ஒன்றும் பேசவில்லை. பின்னர், "முடிச்சு துணியில் தெரியுமே" என்றார். "தெரியும். ஆனால் துணி இருக்கும்" என்றேன். மகள் அடுத்த பருவத்தில் இரண்டை முடித்தாள். அதற்கடுத்த பருவத்தில் மூன்றாவதையும் முடித்துப் பட்டம் பெற்றாள். தனிச்சிறப்பு கிட்டவில்லை. படிப்பு நிற்கவில்லை.

ஆண் மகன் தவறினால் மறுமுறை எழுதட்டும் என்கின்றோம். பெண் தவறினால் படிப்பு போதும் என்கின்றோம். விதியேட்டில் இவ்வேறுபாடு இல்லை. அதனை நம் இல்லங்களில் நாமே எழுதி வைத்திருக்கின்றோம்.

முடிவாகச் செய்யத்தக்கவை சில. முடிவு வந்தவுடன் விடைத்தாளின் நகலைப் பெற்றுப் பாருங்கள். கூட்டலில் பிழையிருந்தால் மறுகூட்டலும், திருத்தத்தில் ஐயமிருந்தால் மறுமதிப்பீடும் கோரலாம். அவற்றிற்கு நாள் வரம்பு உண்டு. பிழை நம்முடையதாயின், எவ்வினாவில் எதனால் குறைந்தது என்று எழுதி வைத்துக் கொள்ளுங்கள். அது தெரியாமல் மீண்டும் எழுதுவது அதே தேர்வை அதே வகையில் தவறுவதற்கே வழி செய்யும். அப்பாடத்தைக் கற்பித்த ஆசிரியரை நாணமின்றி அணுகுங்கள். அடுத்து வரும் முதல் வாய்ப்பிலேயே எழுதுங்கள். பல பாடங்கள் நின்றால், அவற்றுள் மேற்படிப்பிற்கு அடிப்படையாவதை முதலில் தீருங்கள்.

பெற்றோர்க்கு ஒரு வேண்டுகோள். பட்டியைக் கையில் வாங்கியதும் நின்ற பாடத்தை மட்டும் எண்ணாதீர்கள். தேறிய பாடங்களையும் எண்ணுங்கள். இரண்டையும் எண்ணிய பின்னர்ப் பிள்ளையிடம் பேசுங்கள்.