அளக்கிறவனே மரக்காலுக்கு முத்திரை வைப்பதா?

(பஞ்சாலைத் தொழிலாளர்களும் விவசாயத் தொழிலாளர்களும் கூடிய கூட்டத்தில் ஆற்றிய உரை)



கூலி நெல் அளக்கிற களத்தை நினைத்துக் கொள்ளுங்கள். மிராசுதாரின் மரக்கால், மிராசுதாரின் ஆள், மிராசுதாரின் கணக்கு. அளவு குறைகிறதே என்று ஒரு பெண் கேட்டால் பதில் சொல்வது யார்? அதே காரியஸ்தர். "மரக்கால் சரியாகத்தான் இருக்கிறது, தூக்கிக்கொண்டு போ" என்பார். தஞ்சைத் தரணியில் விவசாயத் தொழிலாளர்கள் அன்று கூலி உயர்வு கேட்டதோடு நிற்கவில்லை. முத்திரை மரக்காலும் கேட்டார்கள். எவ்வளவு கூலி என்பது ஒரு சண்டை. அதை எந்த மரக்காலால் அளப்பது என்பது இன்னொரு சண்டை. இரண்டாவதில் தோற்றால் முதலாவதில் ஜெயித்தும் பயனில்லை என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

இன்று நாம் பேச வந்தது சர்க்கார் காகிதத்தைப் பற்றி. சர்க்காரிடம் ஒரு தகவல் கேட்கிறோம். தர முடியாது என்கிறது. அந்த மறுப்பு சரியா, தவறா என்று சொல்ல வேண்டியது யார்? மறுத்தவரேயா, வேறொருவரா?

இது படித்தவர்களின் பிரச்னை என்று சிலர் நினைக்கிறார்கள். அப்படியல்ல. ஆலையில் சேமநிதிக்கு என்று மாதாமாதம் நம் கூலியில் பிடிக்கிறார்கள். முதலாளி அதைக் கட்டினாரா? தொழிற்சாலை ஆய்வாளர் ஆலைக்குள் வந்து போனார். மூடியில்லாத பல்சக்கரத்தைப் பற்றி என்ன எழுதினார்? ஊரில் கண்மாய் தூர் வாரியதாகப் பலகை நட்டிருக்கிறார்கள். யார் யார் வேலை செய்ததாகக் கணக்கு? இவை எல்லாவற்றுக்கும் காகிதம் இருக்கிறது. அது பீரோவில் இருக்கிறது. பீரோவின் சாவி அதிகாரியின் இடுப்பில் இருக்கிறது.

வெள்ளைக்காரன் போன பிறகும் அவன் பூட்டு போகவில்லை. 1872-ல் அவன் போட்ட சாட்சியச் சட்டத்தில் ஒரு பிரிவு இருந்தது. வெளியிடாத ராஜாங்க ரிக்கார்டுகளைக் கோர்ட்டில் காட்டுவதா வேண்டாமா என்பதை இலாகாத் தலைவர் தம் இஷ்டம் போல் தீர்மானிக்கலாம் என்றது அது. 1923-ல் ரகசியச் சட்டம் வந்தது. குடியரசான பிறகும், 1960-ல், அந்தக் காகிதத்தைக் கோர்ட்டே வாங்கிப் பார்க்க முடியாது என்றுதான் சுப்ரீம் கோர்ட் ஒரு வழக்கில் சொன்னது. 1975-ல் ராஜ் நாராயண் வழக்கில்தான் காற்று திசை மாறியது. பிரதம மந்திரியின் சுற்றுப்பயணப் பாதுகாப்பு பற்றிய ஒரு புத்தகத்தைக் காட்ட மறுத்த வழக்கு அது. சர்க்கார் 'ரகசியம்' என்று சொல்லி விட்டால் போதாது, தேவைப்பட்டால் கோர்ட் பார்த்துத் தீர்மானிக்கும் என்ற நிலை வந்தது. மக்களுக்குத் தெரிந்து கொள்ளும் உரிமை உண்டு என்று நீதிபதி மாத்யூ எழுதியதும் அந்தத் தீர்ப்பில்தான். நல்லது. ஆனால் சுப்ரீம் கோர்ட் வரை போக நம்மில் யாரிடம் பணம் இருக்கிறது?

இந்தச் சண்டையை ஏழைகளின் சண்டையாக மாற்றியவர்கள் ராஜஸ்தானத்துக் கூலிக்காரர்கள். அங்கே 1990 மே தினத்தன்று பீம் என்ற ஊரில் மஸ்தூர் கிசான் சக்தி சங்கடன் என்ற அமைப்பு தோன்றியது. வறட்சி நிவாரண வேலையில் மண் வெட்டிய பெண்களுக்குச் சர்க்கார் நிர்ணயித்த குறைந்தபட்சக் கூலி கிடைக்கவில்லை. ஏன் என்று கேட்டார்கள். "நீங்கள் அளவுக்கு வேலை செய்யவில்லை, ரிக்கார்டில் அப்படித்தான் இருக்கிறது" என்றார்கள். அந்த ரிக்கார்டைக் காட்டு என்றார்கள். "அது சர்க்கார் ரகசியம்" என்றார்கள்! நாம் வெட்டிய மண்ணின் அளவு நமக்கே ரகசியமாம்! பாகிஸ்தானுக்கு அதனால் என்ன லாபம் என்று நமக்குப் புரியவில்லை.

அவர்கள் சும்மா இருக்கவில்லை. 1994 டிசம்பர் 2-ந் தேதி கோட் கிரானா என்ற கிராமத்தில் ஊரைக் கூட்டி, எப்படியோ கைக்கு வந்த கணக்குகளை உரக்கப் படித்தார்கள். இப்படி நடந்த பொது விசாரணைகளில் செத்தவர்கள் கூலி வாங்கியிருந்தார்கள்; ஊரை விட்டுப் போனவர்கள் கைநாட்டு வைத்திருந்தார்கள்; கட்டாத கட்டடத்துக்குப் பணம் போயிருந்தது. "எங்கள் பணம், எங்கள் கணக்கு" என்ற கோஷம் எழுந்தது. 1996 ஏப்ரல் 6 முதல் பியாவர் நகரில் 40 நாள் தெருவில் உட்கார்ந்தார்கள். பட்டணத்துச் சிறு வியாபாரிகளும் தொழிற்சங்கங்களும் துணைக்கு வந்தார்கள். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் விதை அந்தத் தெருவில் விழுந்தது.

இனிதான் நம் விஷயம். சட்டம் கேட்டால் சர்க்கார் என்ன செய்யும்? சட்டத்தைக் கொடுக்கும், மரக்காலைத் தன்னிடமே வைத்துக் கொள்ளும். 1997-ல் தமிழ்நாடு சட்டசபை ஒரு சட்டம் போட்டது. மாநிலங்களில் நாமே முதல் என்று பெருமை பேசிக் கொண்டோம். அதில் விதிவிலக்கு அடுக்கடுக்காக இருந்தது. மறுப்பை விசாரிக்கச் சுயேச்சையான கமிஷன் இல்லை. 2002 டிசம்பரில் டில்லிப் பார்லிமெண்ட் நிறைவேற்றிய தகவல் சுதந்திரச் சட்டமும் அதே ஜாதிதான். அதிகாரி மறுத்தால் மேலதிகாரியிடம் அப்பீல். அவரும் மறுத்தால் சர்க்காரிடமே அப்பீல். அபராதம் கிடையாது. காரியஸ்தர் மீது மிராசுதாரிடம் புகார் சொல்லு என்பது போல! அந்தச் சட்டம் கடைசி வரை அமலுக்கே வரவில்லை. அதற்காக நாம் அழ வேண்டியதில்லை.

2005-ல் வந்த சட்டம்தான் வேறு மாதிரி. இடதுசாரிகளின் ஆதரவில் நின்ற மத்திய சர்க்கார் காலத்தில் அது வந்தது. மேலே சொன்ன கூலிக்காரர்களும் நாடெங்கும் உள்ள பல அமைப்புகளும் விடாமல் நெருக்கியதால் வந்தது. அதில் மூன்று இடங்களை நீங்கள் மனத்தில் இருத்த வேண்டும்.

சர்க்காருக்கு வெளியே ஒரு தகவல் கமிஷன் வைத்தார்கள். சென்னையில் 'தமிழ்நாடு தகவல் ஆணையம்' என்று போர்டு இருக்கும், அதுதான். அந்தக் கமிஷன் கேட்டால் எந்தக் காகிதத்தையும் எந்தக் காரணம் சொல்லியும் மறைக்கக் கூடாது என்று 18-வது பிரிவு சொல்கிறது. 1960-ல் கோர்ட்டால் பார்க்க முடியாததை இன்று கமிஷனர் பிரித்துப் பார்க்கலாம்.

அடுத்தது 19-வது பிரிவு. மறுத்தது சரிதான் என்று நிரூபிக்கும் பாரம் மறுத்த அதிகாரியின் தலையில். நாம் எதையும் நிரூபிக்க வேண்டியதில்லை. ஏன் கேட்கிறாய் என்று கேட்கவும் அவருக்கு உரிமையில்லை. ஆலைக் கேட்டில் டோக்கன் காணவில்லை என்றால் நாமல்லவா நிரூபிக்க வேண்டியிருக்கிறது? இங்கே தலைகீழ். ஏழையின் பக்கம் பாரத்தை ஏற்றாத சட்டங்கள் நம் நாட்டில் குறைவு, அதனால்தான் இதை அழுத்திச் சொல்கிறோம்.

அப்புறம் 20-வது பிரிவு. நியாயமின்றி மறுத்தாலோ தாமதித்தாலோ நாளொன்றுக்கு 250 ரூபாய் வீதம், 25,000 ரூபாய் வரை, அந்த அதிகாரி தம் பையிலிருந்து கட்ட வேண்டும். சர்க்கார் கஜானாவிலிருந்து அல்ல.

இதன் பலத்துக்கு ஓர் உதாரணம். வங்கிகளில் கோடி கோடியாகக் கடன் வாங்கித் திருப்பித் தராத பெருமுதலாளிகளின் பட்டியலையும், வங்கிகளைச் சோதித்த அறிக்கைகளையும் ரிசர்வ் வங்கியிடம் சிலர் கேட்டார்கள். "வங்கிகள் எங்களை நம்பிக் கொடுத்த ரகசியம்" என்று மறுத்தார்கள். மத்தியத் தகவல் கமிஷன் 'கொடு' என்றது. ரிசர்வ் வங்கி கோர்ட்டுக்கு ஓடியது. 2015 டிசம்பர் 16-ந் தேதி சுப்ரீம் கோர்ட் கமிஷனின் பக்கம் நின்றது. ரிசர்வ் வங்கியின் கடமை மக்களுக்கும் பணம் போட்டவர்களுக்கும்தான், தனிப்பட்ட வங்கிகளின் லாபத்துக்கு அல்ல என்றது. அதற்குப் பிறகும் அவர்கள் இழுத்தடித்து, 2019 ஏப்ரலில் அதே கோர்ட் மறுபடியும் எச்சரிக்க வேண்டியிருந்தது. நாம் பயிர்க் கடனில் ஒரு தவணை தவறினால் வீட்டு வாசலில் பெயரை ஒட்டுகிறார்கள்; கோடீசுவரன் பெயரை வெளியே சொல்ல இத்தனை பாடு!

சரி, இப்படி ஒரு முத்திரை மரக்கால் கிடைத்த பின் ஆளுவோர் சும்மா இருப்பார்களா? பிரிட்டனில் என்ன செய்தார்கள் பாருங்கள். அங்கே சட்டத்திலேயே மந்திரிக்கு வீட்டோ வைத்துக் கொண்டார்கள். 2003-ல் ஈராக் மீது படையெடுக்குமுன் மந்திரி சபை என்ன பேசியது என்ற குறிப்பைக் கொடு என்று தகவல் கமிஷனர் சொன்னார், தீர்ப்பாயமும் சொன்னது. 2009 பிப்ரவரியில் மந்திரி ஜாக் ஸ்ட்ரா ஒரே கையெழுத்தில் அதை ரத்து செய்தார். திருட்டு என்றாலும் பகல் திருட்டு; யார் செய்தது என்று ஊருக்குத் தெரிந்தது.

நம் நாட்டுச் சட்டத்தில் அப்படி ஒரு வீட்டோ இல்லை. ஆகவே வேறு வழி கண்டுபிடித்தார்கள். கமிஷனின் நாற்காலியைக் காலியாக விட்டு விடுவது! 2014 ஆகஸ்டிலிருந்து ஏறக்குறைய பத்து மாதம் மத்தியக் கமிஷனுக்குத் தலைமைக் கமிஷனரே இல்லை. ஜார்க்கண்டில் 2020 மே மாதத்திலிருந்து ஆண்டுக் கணக்கில் ஒரு கமிஷனர் கூட இல்லை. தெலுங்கானாவிலும் 2023 தொடங்கி இரண்டாண்டுக்கு மேல் இதே கதை. 2019 பிப்ரவரி 15-ந் தேதி சுப்ரீம் கோர்ட், இடம் காலியாவதற்கு முன்பே ஆள் தேடத் தொடங்கு என்று உத்தரவு போட்டிருந்தும் இந்த லட்சணம். 2024 நடுவில் நாடு முழுவதும் கமிஷன்களில் தேங்கிக் கிடந்த மனுக்கள் 4 லட்சத்துக்கு மேல். முதல் அப்பீலை 30 நாளில், மிஞ்சினால் 45 நாளில் முடிக்க வேண்டும் என்று சொல்லும் சட்டம், கமிஷனுக்கு நாள் குறிக்கவில்லை. ஓட்டை அங்கேதான். மறுக்க வேண்டியதில்லை, கையெழுத்துப் போட வேண்டியதில்லை, திருடன் என்ற பெயரும் வேண்டாம். நாற்காலி காலியாக இருந்தால் போதும்.

ஆள் போட்டாலும் யாரைப் போடுகிறார்கள்? பெரும்பாலும் ரிட்டையரான பெரிய உத்தியோகஸ்தர்களை. நேற்று வரை பீரோவைப் பூட்டியவர், இன்று பூட்டியது சரியா என்று பார்க்க உட்காருகிறார். அபராதம் போட வேண்டிய இடத்தில் புத்தி சொல்லி அனுப்புவது வழக்கமாகி விட்டது. எல்லோரும் அப்படியல்ல, ரிசர்வ் வங்கிக்கே உத்தரவு போட்டவர்களும் அந்த நாற்காலியில்தான் இருந்தார்கள். அப்படிப்பட்டவர்களைப் பார்த்துத்தானோ என்னவோ, 2019-ல் சட்டத்தையே திருத்தினார்கள். முன்பு கமிஷனருக்கு ஐந்தாண்டுப் பதவி என்று சட்டமே சொன்னது. மத்தியத் தலைமைக் கமிஷனருக்குத் தலைமைத் தேர்தல் கமிஷனருக்குச் சமமான சம்பளம். இப்போது பதவிக்காலத்தையும் சம்பளத்தையும் மத்திய சர்க்காரே விதி போட்டுத் தீர்மானிக்கிறது, மாநிலக் கமிஷனர்களுக்கும் சேர்த்து. விதி வந்தது, ஐந்து மூன்றானது. முத்திரை வைக்கிறவனுக்குக் கூலி அளப்பது மிராசுதார் என்றாகி விட்டது.

2023-ல் தனிநபர் தரவுப் பாதுகாப்பு என்ற பெயரில் வந்த சட்டம் இன்னொரு வேலை செய்தது. சொந்த விவரத்தை மறுக்கலாம் என்ற 8-வது பிரிவின் உட்பிரிவில், பொதுக் காரியத்தோடு சம்பந்தமில்லாததாக இருந்தால் என்ற வேலி இருந்தது. அந்த வேலியைப் பிடுங்கி விட்டார்கள். 2025 நவம்பரில் அது அமலுக்கும் வந்தது. இனி கூலிப் பட்டியலில் இருக்கும் பெயரும் 'சொந்த விவரம்' என்று ஒரு அதிகாரி சொல்லலாம். பொதுநலன் பெரிதென்றால் கொடுக்கலாம் என்ற பிரிவு இன்னும் இருக்கிறது. ஆனால் எது பெரிது என்று சொல்ல, நாற்காலியில் ஒருவர் இருக்க வேண்டுமே?

மற்றவரைச் சொல்லும் போது நம்மையும் சொல்ல வேண்டும். 2013 ஜூன் 3-ந் தேதி ஆறு தேசியக் கட்சிகளும் இந்தச் சட்டத்துக்கு உட்பட்டவை என்று மத்தியக் கமிஷன் தீர்ப்பளித்தது. அந்த ஆறில் இரண்டு கம்யூனிஸ்டுக் கட்சிகளும் உண்டு. அந்தத் தீர்ப்பை யாரும் அமல் நடத்தவில்லை. 2015-ல் கமிஷனே கையை விரித்தது. கட்சிக்குள் நடக்கும் விவாதத்தை எதிரிக்குத் திறந்து காட்ட முடியாது என்ற வாதத்தில் நியாயம் உண்டு. வரவு செலவுக் கணக்கைக் காட்டுவதற்கு அந்த வாதம் பொருந்தாது என்பது நம் கருத்து. பிடிக்காத தீர்ப்பையும் மதித்தால்தான் பிடித்த தீர்ப்பை அமல் நடத்து என்று உரக்கக் கேட்க முடியும்.

தோழர்களே, மேடைக்குப் பக்கத்தில் சங்கத் தோழர்கள் மேஜை போட்டு உட்கார்ந்திருக்கிறார்கள். சேமநிதிக் கணக்கோ, ஆய்வாளர் அறிக்கையோ, ஊர்க் கணக்கோ, வேண்டியதைச் சொல்லுங்கள், எழுதித் தருவார்கள். கட்டணம் பத்து ரூபாய், வறுமைக் கோட்டுக்குக் கீழே இருப்போருக்கு அதுவும் இல்லை. நேரே ஆபீசுக்குப் போய் வாயால் சொன்னாலும் எழுத்தில் வடிக்க உதவ வேண்டியது அந்த அதிகாரியின் கடமை. 30 நாளில் பதில் வராவிட்டால் அதுவே மறுப்பு என்று சட்டம் கொள்கிறது. அடுத்த 30 நாளுக்குள் முதல் அப்பீல். அங்கும் இல்லையென்றால் 90 நாளுக்குள் கமிஷனுக்கு. தபால் ரசீதைக் கிழித்துப் போடாதீர்கள். கமிஷனுக்குப் போன ஒவ்வொரு மனுவின் நகலையும் தேதியோடு சங்கத்தில் கொடுத்து வையுங்கள். எத்தனை மாதமாக எத்தனை மனு அங்கே தூங்குகிறது என்ற பட்டியலோடு சட்டசபை கூடும் போது நாம் சென்னைக்குப் போகிறோம்.