விலாசம் கேட்காத வைத்தியம்



பாசிமணி, ஊசிமணி கோத்தபடி உட்கார்ந்திருக்கும் நரிக்குறவர்களைப் பார்க்காமல் நம்மில் யாரும் திருவிழாவுக்குப் போய்த் திரும்பியதில்லை. அவர்களுக்குக் காய்ச்சல் வந்தால் எங்கே போவார்கள் என்று யோசித்திருக்கிறோமா?

நான் பார்த்ததைச் சொல்கிறேன். எந்த ஆஸ்பத்திரி என்று கேட்காதீர்கள். ஓ.பி. சீட்டு வரிசையில், இடுப்பில் பிள்ளையோடு ஒரு நரிக்குறவப் பெண். முன்னால் நின்ற அம்மா முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டார். பின்னால் நின்றவர் ரெண்டடி தள்ளிப் போனார். சீட்டு எழுதுகிறவர், "எந்த ஊரு?" என்றார். "இப்ப இங்கதான் சாமி." "அது இருக்கட்டும், சொந்த ஊரு?" பழனிக்கும் வேளாங்கண்ணிக்கும் திருவிழா பார்த்துப் போகிறவள் என்ன சொல்வாள்? பேசாமல் வரிசையை விட்டு விலகிவிட்டாள். பிள்ளைக்கு மூச்சு இரைத்துக்கொண்டிருந்தது.

நரிக்குறவர்களைப் பழங்குடிப் பட்டியலில் சேர்க்கலாம் என்று மத்திய அரசு அமைத்த லோகூர் குழு சொன்னது 1965-ல். நாடாளுமன்றம் அதற்கான மசோதாவை நிறைவேற்றியது 2022 டிசம்பரில். சாதிச் சான்றிதழ் கிடைக்கட்டும், வரவேற்கிறேன். ஆனால் முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் சேர ரேஷன் கார்டு வேண்டும், வருமானச் சான்று வேண்டும். ரெண்டுக்குமே விலாசம் வேண்டுமே!

பேர் எழுத வந்தால் ஓடி ஒளிகிறார்கள் என்று சலித்துக்கொள்கிறோம். மதுரைச் சீமைக்காரர்கள் இதைச் சொல்லலாமா? 1920-ல் பெருங்காமநல்லூரில் துப்பாக்கி வெடித்தது எதற்கு? குற்றப்பரம்பரைச் சட்டப்படி ரேகை வைக்க மாட்டோம் என்றதற்கு! சர்க்கார் பேரேட்டைக் கண்டு பயந்த கதை நம் தாத்தாக்களுக்கும் உண்டு.

மொழியையும் பாருங்கள். அவர்கள் வீட்டில் பேசுவது வாக்ரிபோலி, குஜராத்திக்கு உறவு. பாசி விற்கத் தமிழ் தாராளமாகப் போதும். வெள்ளைப்படுகிறது, நாள் தள்ளிப்போகிறது என்று முன்பின் தெரியாத ஆண் டாக்டரிடம் சொல்ல அது போதுமா? அவர்களிலேயே படித்த ஒரு பெண்ணை ஆஸ்பத்திரியில் துணைக்கு உட்கார வைத்தால் பாதிக் கூச்சம் போய்விடும்.

முடியாத காரியம் ஒன்றையும் நான் கேட்கவில்லை. இங்கிலாந்தில் ஜிப்சிகளுக்கும் இதே தொல்லைதான். விலாசச் சான்று இல்லை என்பதற்காக யாரையும் பதிவு செய்ய மறுக்கக் கூடாது என்று அங்கே பொது மருத்துவர்களுக்கு வழிகாட்டுதல் இருக்கிறது. அவ்வளவு தூரம் போவானேன்? போலியோ சொட்டு மருந்தை நாம் பஸ் ஸ்டாண்டிலும் ரயிலடியிலும் நின்று கொடுத்தோமே, அப்போது எந்தப் பிள்ளையிடம் ரேஷன் கார்டு கேட்டோம்? 2014-ல் இந்தியா போலியோ இல்லாத நாடு என்று சான்றிதழே வாங்கிவிட்டது!

நீண்ட நாள் வைத்தியத்துக்கும் வழி இருக்கிறது. காசநோய்க்கு ஆறு மாதம் மருந்து சாப்பிட வேண்டும். நோயாளி ஊர் மாறினால் கணக்கை அடுத்த ஊர் ஆஸ்பத்திரிக்கு மாற்ற, காசநோயாளிகளைப் பதியும் அரசின் நிக்‌ஷய் கம்ப்யூட்டரில் வசதி இருக்கிறது. அடுத்த திருவிழா எந்த ஊரில் என்று அவர்களிடம் கேட்டால் போதும், தேதியோடு சொல்வார்கள்.

சித்திரையில் அழகர் வைகையில் இறங்குகிறபோது பாசிக் கடைகள் வழிநெடுக வரும். சுகாதாரத் துறை அதிகாரிகள் முன்வரிசையில் இருக்கிறீர்கள். அந்தக் கடைகளுக்குப் பக்கத்தில் ஒரு நர்ஸம்மாவும், பிரஷர், சுகர் பார்க்கும் கருவியும், தடுப்பூசிப் பெட்டியும் இருக்கட்டும். சீட்டில் விலாசம் எழுதும் இடத்தில் 'அழகர் திருவிழா' என்று எழுதிக்கொள்ளுங்கள், ஐயா.