காய்ச்சல் முகாம் வந்துச்சு, லீவு வரல

இந்த எபிசோடை 2023 மார்ச் மூணாவது வாரத்துல பதிவு பண்றேன். கொஞ்ச நாளா விருதுநகர், சாத்தூர், சிவகாசி பக்கம் எந்த வீட்டுக்குப் போனாலும் இருமல் சத்தம்தான். வாட்ஸ்அப் குழுவைத் திறந்தா ஒரே பேரு: எச்3என்2. "புது வைரஸ் வந்துருச்சு, திரும்ப லாக்டவுன் போடப் போறாங்க"ன்னு ஆடியோ வேற சுத்துது. அதனால இன்னைக்கு மூணு கேள்வி. இது உண்மையிலேயே புதுசா? அரசாங்கம் என்ன பண்ணுது? நம்ம ஊர் பட்டாசு ஆபீஸ்ல வேலை பார்க்கிறவங்களுக்கு அது எவ்வளவு தூரம் உதவும்?

முதல் கேள்விக்குப் பதில், புதுசு இல்ல. எச்3என்2, 1968-ல ஹாங்காங்ல கிளம்பி உலகம் முழுக்கப் பரவின ஃப்ளூ. அதுக்கப்புறம் கொஞ்சம் கொஞ்சமா உருமாறி நம்மகூடவேதான் இருக்கு. இந்தியாவுல ஃப்ளூவுக்கு வருஷத்துக்கு ரெண்டு சீசன். ஒண்ணு ஜனவரியில இருந்து மார்ச் வரைக்கும், இன்னொண்ணு மழைக்காலத்தை ஒட்டி.

நிஜமாவே புதுசா வந்தது 2009-ல பன்றிக் காய்ச்சல், அதாவது எச்1என்1. அப்போ நடந்ததை ஞாபகப்படுத்திக்கிறது நல்லது. அந்த வருஷம் மே மாசம் ஹைதராபாத்ல முதல் நோயாளியைக் கண்டுபிடிச்சாங்க. ஜூன் 11-ம் தேதி உலக சுகாதார நிறுவனம் இதைப் பெருந்தொற்றுன்னு அறிவிச்சுது. ஆகஸ்ட் 3-ம் தேதி புனேல 14 வயசுப் பொண்ணு இறந்துபோனா. அதுதான் நாட்டுல முதல் மரணம். ஒரே வாரத்துல புனேல மாஸ்க் கிடைக்கல, பள்ளிக்கூடங்களை மூடிட்டாங்க, அரசு ஆஸ்பத்திரி வாசல்ல டெஸ்ட் எடுக்கப் பெரிய வரிசை. சளி பிடிச்சவங்களும் நிஜமாவே ஃப்ளூ வந்தவங்களும் அதே வரிசையில பக்கத்துல பக்கத்துல நின்னாங்க.

அதுக்கப்புறம்தான் மத்திய அரசு ஏ, பி, சின்னு மூணு வகையாப் பிரிச்சுது. லேசான காய்ச்சல், இருமல்னா ஏ: டெஸ்ட் வேண்டாம், வீட்டுல ஓய்வு. காய்ச்சல் அதிகமா இருந்தாலோ, சின்னக் குழந்தை, கர்ப்பிணி, வயசானவங்க, சர்க்கரை மாதிரி நோய் இருக்கிறவங்களா இருந்தாலோ பி: டாக்டரைப் பார்த்து ஓசெல்டாமிவிர் மாத்திரை. மூச்சுத் திணறல், நெஞ்சு வலி, மயக்கம், சளியில ரத்தம்னா சி: உடனே ஆஸ்பத்திரி. இன்னைக்கும் ஏறக்குறைய இதே முறைதான். ஆனா அந்த மாத்திரை அப்போ சாதாரண மருந்துக்கடையில கிடைக்காது, அவ்வளவு கட்டுப்பாடு. 2017-லதான் அதைத் தளர்த்தினாங்க. இப்போ டாக்டர் சீட்டு இருந்தா கடையில வாங்கலாம், அரசு ஆஸ்பத்திரியில இலவசம்.

இப்போ இந்த மாசத்துக்கு வருவோம். கர்நாடகாவுல ஒருத்தர், ஹரியானாவுல ஒருத்தர் எச்3என்2-வால இறந்ததா மார்ச் 10-ம் தேதி மத்திய அரசு சொல்லுச்சு. மாசக் கடைசியில தொற்று குறையும்னும் சொல்லியிருக்காங்க. தமிழ்நாட்டுல அமைச்சர் மா. சுப்பிரமணியன் ஒரே நாள்ல 1,000 இடங்கள்ல காய்ச்சல் முகாம்னு அறிவிச்சு நடத்தினார். புதுச்சேரியில 8-ம் வகுப்பு வரைக்கும் 16-ல இருந்து 26-ம் தேதி வரைக்கும் லீவு விட்டுட்டாங்க. நம்ம பக்கம் பள்ளிக்கூடத்தை மூடல. இந்திய மருத்துவச் சங்கம் இன்னொரு முக்கியமான விஷயம் சொல்லுச்சு: காய்ச்சல் மூணு நாள்ல போயிடும், இருமல் மூணு வாரம் வரைக்கும் இருக்கலாம், அதுக்காக அசித்ரோமைசின் மாதிரி ஆன்டிபயாட்டிக்கைச் சும்மா போடாதீங்க. ஃப்ளூ வைரஸ், ஆன்டிபயாட்டிக் பாக்டீரியாவுக்கானது.

இந்த அறிவுரையை எங்க தெருவுல ஒரு அக்காகிட்ட சொன்னேன். சரவெடி பின்னுறவங்க, பீஸ் ரேட். அவங்க கேட்டாங்க: "தம்பி, ஓய்வெடுக்கச் சொல்றது சரி. மூணு நாள் உக்காந்தா வாரக் கூலியில பாதி போயிருமே, அதை யாரு தருவா? ஒரு ஊசியைப் போட்டுட்டு மறுநாள் வேன்ல ஏறிருவோம்."

இதைக் கேட்டா, ஊசி கேட்கிறது அறியாமைன்னு சொல்ல முடியல. அவங்க கணக்கு சரியாத்தான் இருக்கு.

இஎஸ்ஐ இருக்கேன்னு கேட்பீங்க. இருக்கு. மாசச் சம்பளம் 21,000 ரூபாய் வரைக்கும் இருக்கிறவங்களுக்குப் பொருந்தும். நோய்க்கால உதவியா சம்பளத்துல 70 சதவீதம், வருஷத்துக்கு 91 நாள் வரைக்கும் கிடைக்கும். ஆனா ரெண்டு நிபந்தனை. ஆறு மாசக் கணக்குல 78 நாளாவது சந்தா கட்டியிருக்கணும். அடுத்தது, பொதுவா நோயோட முதல் ரெண்டு நாளுக்குப் பணம் கிடையாது. ஃப்ளூ காய்ச்சலே மூணு நாள்தான். அப்போ கைக்கு வர்றது ஒரு நாளுக்கான 70 சதவீதம்! அதுவும் பேரு ரிஜிஸ்டர்ல இருந்தா. கான்ட்ராக்ட்ல உள்குத்தகை அறையில வேலை பார்க்கிறவங்க நிறைய பேருக்கு அதுவும் இல்ல.

ஃப்ளூ வந்தவர், அறிகுறி தெரியறதுக்கு ஒரு நாள் முன்னாடியே பரப்ப ஆரம்பிச்சிடுவார். அப்புறம் அஞ்சாறு நாள் பரப்புவார். பட்டாசு ஆபீஸ்ல வெடிவிபத்துக்குப் பயந்து ஒரு அறைக்கு நாலு பேர்னு விதி வச்சிருக்கோம். அதே ஆட்கள் காலையில ஊர்ல இருந்து வர்ற வேன்ல நெருக்கியடிச்சு உக்காந்து வர்றாங்க. நம்ம ஊர்ல "மருந்து"ன்னாலே முதல்ல ஞாபகம் வர்றது வெடிமருந்துதான். உராய்வு பட்டாலே பத்திக்கிற அந்த மருந்தைக் காய்ச்சலோட, கை நடுக்கத்தோட ஒருத்தர் செலுத்துறார்னா, ஆபத்து அவருக்கு மட்டும் இல்ல, அந்த அறையில இருக்கிற எல்லாருக்கும்தான்.

அதனால நான் கேட்கிறது மூணுதான். முகாமைப் பகல்ல ஊருக்குள்ள போடாம, சாயங்காலம் வேன் வந்து நிக்கிற இடத்துல போடுங்க. காய்ச்சல் பரவுற மாசத்துலயாவது இஎஸ்ஐ அந்த ரெண்டு நாள் நிபந்தனையை நிறுத்தி வைக்கலாம். மூணாவது முதலாளிகளுக்கு: காய்ச்சலோட வர்றவங்களைப் போர்மேன் மருந்து அறைக்கு அனுப்பாம, அரைக் கூலியாவது கொடுத்து வீட்டுக்கு அனுப்பட்டும். ஒரு விபத்தோட செலவை விட இது ரொம்பக் கம்மி.

நம்ம பங்குக்கு, இருமல் இருந்தா மாஸ்க் போடுவோம். சி-யில சொன்ன அறிகுறி தெரிஞ்சா காத்திருக்காம 108-க்கு அடிங்க. சந்தேகம் கேட்க 104 இருக்கு. அந்த லாக்டவுன் ஆடியோவை மட்டும் தயவுசெய்து ஃபார்வர்டு பண்ணாதீங்க.

உங்க ஆபீஸ்ல காய்ச்சலுக்கு லீவு கொடுத்தா கூலி உண்டா, இல்லையா? எழுதி அனுப்புங்க, அடுத்த எபிசோட்ல படிக்கிறேன்.