மழைக்கோட்டை அடுப்புக்கு மேலே காயப்போடாதீர்கள்

(பூனாகலையில் நடந்த தோட்டக் கமிட்டிக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



ஐப்பசி பிறக்கப் போகிறது. ஹட்டன் பக்கம் ஆனி, ஆடியில் கொட்டும்போது நம் ஊவாவில் காய்ந்த காற்றுதான் வீசும். நமக்கு மழை ஐப்பசி தொடங்கித் தை வரை. 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி மீரியபெத்தையில் மண் சரிந்ததும் இந்த மழைக்காலத்தில்தான். அதனால் சம்பளப் பேச்சுக்கு முன்னால் மழைக்கோட்டைப் பற்றிக் கொஞ்சம் பேசிவிடுவோம். இதுவும் ஒரு விஷயமா என்று பின்னால் சிரிக்கிற தம்பிமார், நனைந்த உடுப்போடு நாள் முழுக்க நிரையில் நிற்கிற அம்மாவிடம் கேட்டுப் பார்க்கட்டும்.

நம் பாட்டிமார் காலத்தில் தலையில் கம்பளி, இடுப்பில் படங்கு. நனைந்த கம்பளியின் பாரம் கூடைப் பாரத்தோடு போட்டி போடும். அதையும் சும்மா கொடுக்கவில்லை, கணக்கில் எழுதிச் சம்பளத்தில் பிடித்தார்கள். இப்போது கோட்டு வந்திருக்கிறது. பல வீடுகளில் அதுவும் சொந்தக் காசுதான். ஒரு மழைக்காலம்கூடத் தாங்கவில்லை என்று எல்லோரும் குறைப்படுகிறோம். சாமான் மட்டம் என்பது பாதி உண்மை. மீதிப் பாதி பீலிக்கரையிலும் அடுப்படியிலும் இருக்கிறது.

கோட்டில் இரண்டு வகை உண்டு. முழுக்கப் பிளாஸ்டிக்கால் ஆனது ஒன்று. மற்றது நைலோன் துணி. அதன் உட்பக்கம் மெல்லிய பூச்சு இருக்கும், வெளிப்பக்கம் தண்ணீர் முத்து முத்தாக உருண்டு ஓடும். இரண்டையும் கல்லில் அடிக்கக் கூடாது, தும்புக் கட்டையால் தேய்க்கவும் கூடாது. சேறு காய்ந்து இறுகுவதற்கு முன், வேலை விட்டு வந்ததும் பச்சைத் தண்ணீரில் அலசி, பழைய சீலைத் துண்டால் துடைத்தால் போதும். நைலோன் கோட்டைச் சேற்றோடு விட்டால் அந்தச் சேறே மழையைத் துணிக்குள் இழுக்கும். அழுக்கு கூடினால் கொஞ்சம் சவர்க்காரம் போடலாம். வாசனைத் தூள் வேண்டாம். எதைப் போட்டாலும் இரண்டு மூன்று தண்ணீரில் அலசுங்கள், தங்கிய சவர்க்காரமும் மழையை உள்ளே விடும். கறை போக மண்ணெண்ணெய் தேய்க்கிற பழக்கம் சிலரிடம் இருக்கிறது. கறையோடு பூச்சும் போய்விடும். கொழுந்துக் கறை இருந்தால் இருந்துவிட்டுப் போகட்டும், கல்யாண வீட்டுக்கா போடப் போகிறோம்?

அடுத்தது அடுப்பு. 1823இல் கிளாஸ்கோவில் சார்ள்ஸ் மெக்கின்டோஷ் இரண்டு துணிகளுக்கு நடுவே றப்பரைப் பூசி மழைக்கோட்டுத் துணி செய்தார். வெயிலில் அது ஒட்டிப் பிசுபிசுத்தது, குளிரில் விறைத்தது. இன்றைய கோட்டு அவ்வளவு மோசமில்லை, ஆனாலும் சூடு அதற்குப் பகைதான். அடுப்புக்கு மேலே கயிறு கட்டித் தொங்கவிட்டால் பிளாஸ்டிக் விறைத்து மடிப்பில் வெடிக்கும், நைலோனின் உட்பூச்சு தோல் உரிவது போல உரியும். உரிந்த பூச்சை ஒன்றும் செய்ய முடியாது. நிழலில், காற்றுப்படும் இடத்தில், உட்பக்கத்தை வெளியே திருப்பிக் காயவிட வேண்டும்.

நைலோன் கோட்டின் மேல் தண்ணீர் உருளாமல் பரவினால் வெளிப்பூச்சு தேய்ந்துவிட்டது என்று அர்த்தம். நன்றாகக் கழுவிக் காயவைத்து, மேலே ஒரு துணியை விரித்து, இளஞ்சூட்டில் ஸ்திரிக்கைப் பெட்டியை ஓட்டினால் ஓரளவு திரும்பி வரும். பிளாஸ்டிக் கோட்டில் இதைச் செய்யவே கூடாது. தையல் ஓட்டையில் ஒழுகினால் மெழுகுதிரியைத் தேய்த்து வையுங்கள், கொஞ்ச நாள் தாங்கும்.

பருத்தித் துணிப் படங்குக்கு ஒரு பழைய வழி இருக்கிறது. 5 லீற்றர் சுடுநீரில் 300 கிராம் பார் சவர்க்காரத்தைச் சீவிக் கரையுங்கள். வேறொரு வாளியில் அதே அளவு சுடுநீரில் 150 கிராம் படிகாரத்தைக் கரையுங்கள். படங்கை முதலில் சவர்க்காரத்தில் ஊறவைத்து, பிழிந்து, பிறகு படிகாரத்தில் முக்கிக் காயவிடுங்கள். இரண்டும் சேர்ந்து தண்ணீரில் கரையாத பசையாகி நூலுக்குள் படியும். சலவைத் தூளில் இது நடக்காது.

மருந்து அடிக்கிறவர்கள் போடுகிற உடுப்பை மழைக்குப் போடக் கூடாது, பிள்ளைகளின் துணியோடு சேர்த்துத் துவைக்கவும் கூடாது. மருந்து வந்த பையை வெட்டிப் படங்காகக் கட்டுவதும் இன்றோடு நிற்கட்டும்.

இவ்வளவும் சொன்ன பிறகு, "நிழலில் காயவைக்க இடம் எங்கே சேர்?" என்று நீங்கள் கேட்பது நியாயம். ஒரு காம்பரா, ஒரு இஸ்தோப்பு. அதில் விறகு, கூடை, ஈரத்துணி, புத்தகத்தோடு ஒரு பிள்ளை. அடைமழையில் அடுப்பைத் தவிர வேறு இடமில்லை. அந்தி வரைக்கும் கொழுந்து பறித்துவிட்டு, இருட்டில் பீலிக்கரையில் வரிசையில் நின்று கோட்டுக் கழுவுகிற அந்த நேரத்துக்குப் பேரும் இல்லை, அரைப் பேரும் இல்லை. கழுவுகிறவர்களும் பெண்கள்தான். ஆண்களும் தங்கள் கோட்டைத் தாங்களே அலசலாம், கை தேயாது.

சர்வதேச தொழிலாளர் அமைப்பு 1981இல் நிறைவேற்றிய 155ஆவது சமவாயத்தின் 21ஆவது உறுப்புரை, வேலைப் பாதுகாப்புக்கான ஏற்பாடுகளில் தொழிலாளிக்குச் செலவு வரக்கூடாது என்கிறது. 2022இல் அந்தச் சமவாயம் அடிப்படைச் சமவாயங்களில் ஒன்றாகச் சேர்க்கப்பட்டது. அதைக் காட்டி நாம் கேட்கப் போவது மூன்று: மழைக்காலத்துக்கு முன் ஆளுக்கொரு கோட்டு, கொழுந்து மடுவத்தின் பக்கத்தில் கூரை போட்ட ஒரு காயவைக்கும் கொட்டகை, அங்கேயே கோட்டுக் கழுவ ஒரு தண்ணீர்க் குழாய்.

உரிந்த, வெடித்த கோட்டுகளை எரிக்காமல் வையுங்கள். எந்த மாதம் வாங்கினது, யார் காசு, எப்போது ஒழுகத் தொடங்கியது என்று ஒரு துண்டில் எழுதிக் கட்டுங்கள். எழுத வராதவர்கள் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டு வாருங்கள், நாங்கள் எழுதித் தருகிறோம். பேச்சுவார்த்தை நாளன்று அத்தனையையும் மூட்டை கட்டி எடுத்துக்கொண்டு போவோம்.