மேல்நிலைக் கணிதமும் நம் பிள்ளைகளும்

(ஜூபிலி விழாவையொட்டி நடைபெற்ற மாணவர்-பெற்றோர் கூட்டத்தில் பங்குத்தந்தை ஆற்றிய உரை)



பங்கின் கடந்த காலத்தைப் பற்றிப் பேசப் பெரியோர் பலர் இங்கே இருக்கிறார்கள். நான் பத்தாம் வகுப்பை முடித்து, முதல் குரூப் எடுக்கக் காத்திருக்கும் பிள்ளைகளைப் பற்றிச் சில சொற்கள் சொல்ல விரும்புகிறேன்.

தமிழ்நாட்டில் முன்பு பதினோராம் வகுப்பில் எஸ்.எஸ்.எல்.சி. எழுதிவிட்டு, கல்லூரியில் ஓராண்டு பி.யு.சி. படித்தார்கள். 1978-ஆம் ஆண்டில் மேல்நிலைக் கல்வி பள்ளிக்கு வந்தது. 1980-இல் முதல் பிளஸ் டூ பொதுத்தேர்வு நடந்தது. கல்லூரியில் கற்ற கணிதம் பள்ளி மாணவனின் கைக்கு வந்தது. ஆகவே பத்தாம் வகுப்புக் கணக்கின் நீட்சிதானே என்று இதை எண்ணிவிடலாகாது. எல்லை, வகைக்கெழு, தொகையிடல் என்று முற்றிலும் புதியதொரு வீட்டுக்குள் பிள்ளை நுழைகிறான்.

அந்த வீட்டில் என்ன இருக்கிறது? ஓர் எடுத்துக்காட்டு சொல்கிறேன். 12 அங்குலப் பக்கமுள்ள சதுரத் தகரம் ஒன்று இருக்கிறது. நான்கு மூலைகளிலும் சிறு சதுரங்களை வெட்டியெடுத்து, ஓரங்களை மடக்கினால் மூடியில்லாப் பெட்டி கிடைக்கும். ஓர் அங்குலம் வெட்டினால் அது 100 கன அங்குலம் கொள்ளும். இரண்டு அங்குலம் வெட்டினால் 128. மூன்று வெட்டினால் 108 ஆகக் குறைந்துவிடும். அப்படியானால் மிகப் பெரிய பெட்டிக்கு எவ்வளவு வெட்ட வேண்டும்? தகரத்தை வெட்டி வெட்டிப் பார்த்தால் தகரந்தான் வீணாகும். கொள்ளளவு ஏறி முடிந்து இறங்கத் தொடங்கும் இடத்தில் அதன் மாறுவீதம் சுழியம் என்பது வகை நுண்கணிதம் காட்டும் உண்மை. அதைக் கொண்டு சமன்பாடு அமைத்தால் விடை இரண்டு அங்குலம் என்று வரும். எந்தச் சதுரமானாலும் பக்கத்தில் ஆறில் ஒரு பங்கை வெட்டுக என்ற பொது விதியும் உடன் கிடைக்கும். ஒரு தகரத்துக்குத் தேடிய விடை எல்லாத் தகரத்துக்கும் பொருந்துகிறதே, அதுதான் இந்தக் கணிதத்தின் ஆற்றல்.

இப்போது நான் சொல்ல வந்த முக்கியச் செய்திக்கு வருகிறேன். வகைக்கெழு என்றால் என்ன என்பதைக் கற்பிப்பது பதினோராம் வகுப்பு. அதைப் பயன்படுத்தி மேற்சொன்னது போன்ற கணக்குகளைப் போடுவது பன்னிரண்டாம் வகுப்பு. ஆனால் நடப்பது என்ன? சில பள்ளிகளில் பதினோராம் வகுப்புப் பாடத்தை ஒப்புக்கு நடத்திவிட்டு, பிளஸ் டூ பாடத்தையே இரண்டாண்டும் திருப்பித் திருப்பி எழுத வைக்கிறார்கள். காரணம் தெரிந்ததே. 2007-08 முதல் பொறியியல் சேர்க்கைக்கு மாநில நுழைவுத் தேர்வு இல்லை; பிளஸ் டூ மதிப்பெண்தான் கணக்கு. கட்-ஆஃப் 200-இல் கணிதத்துக்கு மட்டும் 100. இயற்பியலுக்கும் வேதியியலுக்கும் ஐம்பது ஐம்பது.

அஸ்திவாரம் இல்லாமல் மாடி கட்டினால் என்ன ஆகும்? பிளஸ் டூவில் நூற்றுக்கு நூறு வாங்கிய பிள்ளை, பொறியியல் முதலாண்டுக் கணிதத்திலேயே அரியர் வைத்துக்கொண்டு கண்கலங்கி நிற்பதைப் பார்த்திருக்கிறேன். அவன் சோம்பேறி அல்லன், அறிவிலியும் அல்லன். கணக்கை மனப்பாடம் செய்தான். கணிதத்தை யாரும் அவனுக்குக் காட்டவில்லை. வீட்டில் கடன் வாங்கிக் கட்டணம் கட்டிய தகப்பனுக்கு இது எப்படிப் புரியும்? ஐ.ஐ.டி. நுழைவுத் தேர்வை நாடுவோர்க்கும் அங்கே இரண்டாண்டுப் பாடமும் கேட்கப்படுகிறது என்பதை நினைவூட்டுகிறேன்.

தேர்வுக்கு அப்பாலும் கற்பித்தால் என்ன விளையும் என்பதற்குச் சான்று நம்மிடமே உண்டு. சார்ல்ஸ் ரசீன் என்ற பிரெஞ்சு இயேசு சபைக் குரு, சென்னை லயோலா கல்லூரியில் பல்லாண்டுகள் கணிதம் கற்பித்தார். பாடத்திட்டத்தோடு நின்றுவிடாமல், ஐரோப்பாவில் அந்நாளில் வளர்ந்துவந்த புதிய கணிதத்தின்பால் மாணவரை ஈர்த்தார். அவரிடம் பயின்ற இருவர் எம். எஸ். நரசிம்மனும் சி. எஸ். சேஷாத்திரியும். நரசிம்மன் வட ஆற்காட்டுக் கிராமம் ஒன்றில் பிறந்தவர். இவ்விருவரும் 1965-இல் வெளியிட்ட தேற்றம் இன்றும் உலகெங்கும் அவர்கள் பெயராலேயே வழங்குகிறது.

பெற்றோரே, உங்களிடம் மூன்று வேண்டுகோள்கள். முதலாவது, பக்கத்து வீட்டுப் பிள்ளை எடுத்தான் என்பதற்காக முதல் குரூப்பை உங்கள் பிள்ளைமேல் சுமத்தாதீர்கள். வணிகவியலும் வணிகக் கணிதமும் மட்டமான படிப்பல்ல. இரண்டாவது, மகளுக்குக் கணக்கு நன்றாக வருமென்றால், பெண்பிள்ளைக்கு எதற்கு என்று தடுக்காதீர்கள். மூன்றாவது, பள்ளியில் சேர்க்கும்போது கட்டணத்தை மட்டும் கேட்காமல், பதினோராம் வகுப்புப் பாடத்தை முழுமையாக நடத்துவீர்களா என்றும் கேளுங்கள். கேட்பது உங்கள் உரிமை.

மாணவச் செல்வங்களே, நாளுக்கு ஐந்து கணக்குப் போட்டாலும் போதும். ஒவ்வொரு வரிக்கும் ஏன் என்று கேட்டுப் போடுங்கள். விடையைப் பார்த்து எழுதியதை, புத்தகத்தை மூடிவைத்து மீண்டும் எழுதிப் பாருங்கள். தெரிந்ததைத் தோழனுக்குச் சொல்லிக் கொடுங்கள். அப்போதுதான் உங்களுக்கே தெளியும்.

கல்லூரியில் கணிதமும் பொறியியலும் படிக்கும் நம் பங்கு இளைஞர்களுக்கும் ஒரு வார்த்தை. சனிக்கிழமை மாலைகளில் பங்கு மண்டபம் திறந்திருக்கும். கரும்பலகையும் சுண்ணக்கட்டியும் நான் தருகிறேன். பதினோராம் வகுப்புப் பிள்ளைகளோடு ஒரு மணி நேரம் உட்கார நீங்கள் வாருங்கள். ஜூபிலியின் நினைவாகக் கட்டடம் எழுப்புவது நன்றே. நம் பிள்ளைகளின் கல்விக்கு அஸ்திவாரம் இடுவது அதனினும் நன்று.